தரவுப் பலகையின் நிறத்தை யார் தீர்மானிக்கிறார்கள்?

ஆய்வு மாணவர்களுக்கும் நெறியாளர்களுக்கும் ஒரு கோரிக்கை. சற்று நீளமான பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

அண்மைக் காலமாக ஆய்வேடுகளிலும் முதுகலைத் திட்ட அறிக்கைகளிலும் இறுதி இயலாக ஒரு டாஷ்போர்டு இடம்பெறுவது வழக்கமாகி வருகிறது. ஓர் இணைய முகவரி, நான்கைந்து திரைப்பிடிப்புகள், பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகச் சில கட்டங்கள். வாய்மொழித் தேர்வன்று அந்த முகவரி திறக்கிறது, அவையோர் பாராட்டுகிறார்கள். மாணவர் பட்டம் பெற்றுச் சென்றபின், துறையின் வழங்கியை மாற்றும் நாளில் பலகை காணாமற் போகிறது. காணாமற் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது இயங்கிய காலத்தில், அதன் கணக்கை வேறொருவர் திறந்து சோதிக்க வழி இருந்ததா என்பதுதான் என் கேள்வி.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாஷ்போர்டுக்காக எழுதப்பட்ட ஒரு நீட்சியை ஆய்வின் பகுதியாகச் சமர்ப்பிப்பவர், அதை முன்பின் அறியாத இன்னொரு மாணவர் தம் சொந்த மடிக்கணினியில் ஒரு பிற்பகலுக்குள் இயக்கிப் பார்க்கும்படி உள்ளக உருவாக்கச் சூழலையும் சேர்த்தே சமர்ப்பிக்க வேண்டும். உள்ளக உருவாக்கச் சூழல் என்பது, நிரலையும் அதைத் தாங்கும் மென்பொருளையும் மாதிரித் தரவையும் ஒரே கணினியில் வைத்து, மாற்றி, உடைத்து, மீண்டும் இயக்கிப் பார்க்கும் ஏற்பாடு. அது இல்லாத டாஷ்போர்டை முறையியல் இயல் இல்லாத ஆய்வேட்டைப் போலவே தேர்வாளர்கள் நடத்த வேண்டும்.

இது வெறும் கணினித்துறைக் கவலையாகத் தோன்றலாம். நான் இதை எழுதும் திருப்பூணித்துறையில் அப்படித் தோன்ற வாய்ப்பில்லை. 2023 மார்ச் 2 அன்று, இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிரம்மபுரம் கழிவுக் கிடங்கில் தீப்பற்றியது. மார்ச் 13 வரை புகைந்த அந்தத் தீயால் கொச்சி நகரமும் சுற்றுப்புறமும் மூச்சுத் திணறின. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது; உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது; தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. குழந்தையை வெளியே அனுப்பலாமா, முதியவரை நடைப்பயிற்சிக்கு விடலாமா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தவர்கள் பார்த்தது ஓர் எண்ணையும் அதன் நிறத்தையும்தான். அத்தகைய நாள்களில் நிறம் ஓர் அறிவுரை. அந்த அறிவுரை எங்கோ ஒரு நிரல் வரியில் எழுதப்பட்டிருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. காற்றில் பிஎம் 2.5 நுண்துகளின் 24 மணி நேரச் சராசரி, கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். 2015 ஏப்ரலில் தொடங்கப்பட்ட இந்தியக் காற்றுத் தரக் குறியீட்டின்படி அது 31 முதல் 60 வரையிலான படிநிலையில் விழுகிறது, துணைக் குறியீடு ஏறத்தாழ 83, பெயர் 'திருப்தி', நிறம் இளம்பச்சை. அமெரிக்கக் குறியீட்டின்படி அதே 50 மைக்ரோகிராம் ஏறத்தாழ 137 ஆகிறது, பெயர் 'எளிதில் பாதிப்படைவோருக்குக் கேடு', நிறம் ஆரஞ்சு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டு அளவு 15. அதைப் போல மும்மடங்குக்கும் மேல். காற்று ஒன்று, தீர்ப்பு மூன்று. எந்த அளவுகோலைத் தேர்ந்தோம் என்று பலகையில் எழுதாமல் நிறத்தை மட்டும் காட்டுவது, அலகைச் சொல்லாமல் எண்ணைச் சொல்வதற்குச் சமம்.

இப்போது மென்பொருளுக்கு வருவோம். நம் துறைகளில் பலரும் பயன்படுத்தும் கிராஃபானாவை எடுத்துக்கொள்கிறேன். ஸ்வீடனைச் சேர்ந்த டோர்க்கெல் ஓடேகார்ட், கிபானா என்னும் வேறொரு பலகை மென்பொருளின் மூன்றாம் பதிப்பு நிரலிலிருந்து கிளைத்துத் தொடங்கியது இது. முதல் வெளியீடு 2014இல். 2021 முதல் ஏஜிபிஎல் உரிமத்தில் கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கிறது. இதில் புதிதாக ஒரு கட்டத்தைச் சேர்த்தால், நாம் எதுவும் சொல்லாமலேயே அது ஒரு நிற எல்லையைத் தானே வைத்துக்கொள்கிறது: அடிப்படை நிறம் பச்சை, 80இல் சிவப்பு. இந்த 80 எந்தச் சுற்றுச்சூழல் தரநிலையிலிருந்தும் வந்ததன்று. வடிவமைப்பாளர்கள் இட்ட தொடக்க மதிப்பு. கவனிக்காமல் பிஎம் 2.5 தரவை அதில் ஊற்றினால், 79 பச்சையாகவும் 81 சிவப்பாகவும் தெரியும். இந்தியக் குறியீட்டில் இரண்டும் 'மிதமானது' என்ற ஒரே படிநிலைக்குள் அடங்குபவை.

இந்த எல்லையை மாற்ற நீட்சி எதுவும் தேவையில்லை. அமைப்புப் பக்கத்தில் இரண்டு நிமிட வேலை. நீட்சி தேவைப்படுவது அடுத்த படியில். இந்தியக் குறியீட்டில் வெறும் எல்லைகள் மட்டுமில்லை, விதிகளும் உண்டு. பிஎம் 2.5 போன்ற மாசுகளுக்கு 24 மணி நேரச் சராசரி வேண்டும். அவற்றில் குறைந்தது 16 மணி நேரத் தரவு இருக்க வேண்டும். ஒட்டுமொத்தக் குறியீட்டைச் சொல்லக் குறைந்தது மூன்று மாசுகளின் தரவு வேண்டும். அவற்றில் ஒன்றாவது பிஎம் 2.5 அல்லது பிஎம் 10 ஆக இருக்க வேண்டும். இவை நிறைவேறாதபோது பலகை நிறம் காட்டக்கூடாது. 'போதிய தரவு இல்லை' என்று சொல்லிச் சாம்பல் நிறத்தில் நிற்க வேண்டும். கணக்கின் ஒரு பகுதியைத் தரவுத்தளத்திலேயே செய்யலாம் என்பது உண்மைதான். விதியையும் அதன் காட்சியையும் ஒரே இடத்தில் வைத்து, வேறொரு நகரத்தாரும் எடுத்தாளும்படி தருவதற்கு நீட்சியே பொருத்தமான வடிவம்.

இந்த விதியை எழுதுகையில் எவ்வளவு எளிதில் வழுக்கிவிடலாம் என்று பாருங்கள். ஒரு நாளில் 16 மணி நேரம் அளவீடு கிடைத்தது. ஒவ்வொரு மணிக்கும் 90 மைக்ரோகிராம். மீதி 8 மணி நேரம் கருவி இயங்கவில்லை. சரியான சராசரி 90. படிநிலை 'மிதமானது', அதுவும் அதன் மேல் விளிம்பில். விடுபட்ட மணிகளை நிரல் சுழியம் என்று எடுத்துக்கொண்டால், 16ஐ 90ஆல் பெருக்கி 24ஆல் வகுத்து 60 என்று காட்டும், படிநிலை 'திருப்தி'. மின்சாரம் போனதால் காற்று தூய்மையாகிவிட்டது! 15 மணி நேரம் மட்டுமே தரவு இருந்திருந்தால் சரியான விடை எண்ணே இல்லை. மூன்று நிலைமைகளும் திரைப்பிடிப்பில் ஒன்றுபோலவே அழகாக இருக்கும். வேறுபாட்டைக் காண வேண்டுமானால் தரவை வேண்டுமென்றே கெடுத்து, நீட்சியை இயக்கிப் பார்க்க வேண்டும். மக்கள் பார்த்துக்கொண்டிருக்கும் நேரடிப் பலகையில் அந்தச் சோதனையைச் செய்ய யாருக்கும் உரிமையில்லை. செய்வதற்கான இடம் உள்ளகச் சூழல் ஒன்றே.

அதன் உறுப்புகள் நான்கு. ஒன்று, நீட்சியின் மூல நிரல். இரண்டு, அதை ஏற்று இயக்கும் டாஷ்போர்டு, குறிப்பிட்ட ஒரு பதிப்பில். மூன்று, மாதிரித் தரவு. நான்கு, நிரலில் ஒரு வரி மாறியதும் மீண்டும் தொகுத்துத் தரும் கருவி. கிராஃபானாவில் இதற்கான அடித்தளத்தை உருவாக்கிக் கொடுக்க 'கிரியேட் பிளக்இன்' என்ற கருவியே இருக்கிறது. நோட் ஜேஎஸ் நிறுவப்பட்ட கணினியில் அதை இயக்கினால், கட்டம் வரையும் நீட்சியா, தரவு மூலத்தை இணைக்கும் நீட்சியா, முழுச் செயலியா என்று கேட்டு, அதற்கேற்ற கோப்புறையை அமைத்துத் தருகிறது. அதிலேயே டாக்கர் கொள்கலனுக்கான அமைப்புக் கோப்பும் உண்டு. ஒரு முனையத்தில் தொகுப்புக் கருவியை ஓட விட்டு, இன்னொரு முனையத்தில் கொள்கலனை எழுப்பினால், உலாவியில் 3000ஆம் துறையில் கிராஃபானா திறக்கும். தொகுக்கப்பட்ட நிரல் இருக்கும் கோப்புறை கொள்கலனின் நீட்சிக் கோப்புறையோடு பிணைக்கப்பட்டிருப்பதால், நிரலில் செய்யும் மாற்றத்தைத் தாமதமின்றிக் காணலாம்.

இதோடு நின்றுவிடுபவர்கள் பலர். மாதிரித் தரவும் மாதிரிப் பலகையும் சேராத சூழல் பாதிச் சூழலே. கிராஃபானாவில் தரவு மூலங்களையும் பலகைகளையும் கோப்புகளாகவே எழுதி வைத்துவிடலாம். கொள்கலன் எழும்போது அவை தாமாகவே ஏற்றப்படும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்திலிருந்து, திருப்பூணித்துறைக்கு ஐந்து மெட்ரோ நிறுத்தங்கள் தள்ளியுள்ள வைட்டிலா நிலையத்தின் மணிவாரித் தரவில் ஒரு மாதத்தைப் பதிவிறக்கி, அப்படியே ஒரு கோப்பாகக் களஞ்சியத்தில் வைக்கலாம். அதன் பக்கத்தில், மேலே சொன்ன 16 மணி, 15 மணி நிலைமைகளுக்காக நாமே புனைந்த இரு சிறு கோப்புகளை, புனைந்தவை என்ற தெளிவான குறிப்போடு வைக்கலாம். நேரடி ஏபிஐயை மட்டும் நம்பும் நீட்சியைச் சோதிப்பவருக்கு ஒவ்வொரு நாளும் வேறு விடை கிடைக்கும். பதிவுத் திறவுகோல் இல்லாதவருக்கு விடையே கிடைக்காது. உறைந்த தரவு இருந்தால்தான் 'நீங்கள் பெற்ற 60ஐ நானும் பெற்றேன், அது தவறு' என்று ஒருவர் சொல்ல முடியும்.

அடுத்தது நேரம். கொள்கலன் பொதுவாக உலகப் பொது நேரத்தில் இயங்கும். மடிக்கணினி இந்திய நேரத்தில். இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னே இருப்பதால், கொள்கலனுக்குள் 'நாள்' என்று கணக்கிடப்படுவது நமக்குக் காலை 5.30க்குத் தொடங்கி மறுநாள் 5.30க்கு முடிகிறது. புகை தரையோடு படியும் விடியற்காலையை அது இரண்டாக வெட்டி இரு தேதிகளுக்குப் பங்கிட்டுவிடுகிறது. வாரியத்தின் அன்றாட அறிக்கையோ மாலை 4 மணி வரையிலான 24 மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறது. எனவே ஒரே தேதிக்கு மூன்று சராசரிகள் சாத்தியம். மூன்றுமே கணக்கில் சரியானவை. மாணவரின் ஆய்வுக் குறிப்பேட்டில் ஓர் எண்ணும் பலகையில் வேறோர் எண்ணும் வருவதற்கு இதுவே அடிக்கடி காரணமாகிறது. இரண்டையும் ஒரே கணினியில் பக்கத்தில் பக்கத்தில் இயக்குபவருக்குத்தான் இந்த முரண் கண்ணில் படும். நேரடித் தளத்தை மட்டும் பார்ப்பவர் ஏதோ ஓர் எண்ணை நம்பிப் போய்விடுவார்.

மொழியின் சிக்கலும் இதே வகை. திருப்பூணித்துறை என்ற பெயரில் நாம் எண்ணும் எழுத்துகள் எட்டு. யூனிகோடு குறிகளாக எண்ணினால் பதினாறு. ஏனெனில் உயிர்மெய்க்குறியும் புள்ளியும் தனிக் குறிகள். நீளமான பெயர்களைப் பதினொரு குறிகளோடு வெட்டிப் புள்ளிகள் இடும்படி எழுதப்பட்ட நீட்சி, அப்பெயரைத் 'திருப்பூணித…' என்று காட்டும். புள்ளி பெற வேண்டிய மெய் அகரம் ஏறிய எழுத்தாகிவிடுகிறது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு இது ஒருபோதும் தெரியாது. உலாவிகளிலேயே எழுத்து எல்லை அறிந்து பிரிக்கும் வசதி இருக்கிறது; ஒரு வரியில் திருத்திவிடலாம். ஆனால் திருத்துவதற்கு, தமிழிலோ மலையாளத்திலோ பெயரிட்ட மாதிரித் தரவோடு யாராவது ஒருவர் அந்த நீட்சியைத் தம் கணினியில் ஓட்டியிருக்க வேண்டும். நம் எழுத்துமுறைகளின் தேவையை எங்கோ இருக்கும் நிறுவனம் தானே கண்டுபிடித்துத் தரும் என்று காத்திருப்பது வீண்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. முதலாவது, 'இது தொழில்நுட்ப உதவியாளர் செய்யும் வேலை. ஆய்வாளர் கருத்தைக் கவனிக்கட்டும்' என்பது. ஒரு மதிப்பாய்வுக் கூட்டத்தில், நிறுவும் முறையை விவரித்த நான்கு பக்கங்களை நீக்கிவிட்டு இலக்கிய மீளாய்வை நீட்டும்படி ஒரு மாணவருக்கு அறிவுறுத்தப்பட்டதை நான் கேட்டிருக்கிறேன். ஆய்வகத்தில் கருவியை அளவுத்திருத்தம் செய்த விதத்தை எழுதாத வேதியியல் ஆய்வேட்டை நாம் ஏற்போமா? விடுபட்ட மணியைச் சுழியம் என்று கொள்வதா வெற்றிடம் என்று கொள்வதா என்பது கருத்தியல் முடிவு. அது நிரலில் எடுக்கப்படுகிறது. அந்த இடத்தை 'தொழில்நுட்பம்' என்று பெயரிட்டு ஒதுக்கினால், முடிவை எடுத்தவர் யாரென்றே தெரியாமற் போகும்.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது: 'எங்கள் மாணவர்களிடம் அத்தகைய கணினி இல்லை.' விண்டோஸ் கணினியில் டாக்கரை இயக்க லினக்ஸ் துணை அமைப்பு வேண்டும். பயாஸில் மெய்நிகராக்கத்தை இயக்க வேண்டும். பல்கலைக்கழக ஆய்வகக் கணினிகளில் அதற்கான நிர்வாகி உரிமை மாணவருக்குக் கிடைப்பதில்லை. விடுதி இணையத்தில் பெரிய கோப்புகளை இறக்குவதும் வேதனை. இவை உண்மையான தடைகள். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை துறை நினைத்தால் தீர்பவை. கொள்கலன் பிம்பத்தை ஒருவர் இறக்கிக் கோப்பாகச் சேமித்தால், பென் டிரைவில் வகுப்பு முழுவதற்கும் கொடுக்கலாம். சார்பு நிரல்களின் பதிப்புகளைப் பூட்டிவைக்கும் கோப்பு களஞ்சியத்தில் இருந்தால், எல்லோருக்கும் ஒரே நிரல்களே நிறுவப்படும். விண்டோஸ் பயன்படுத்துவோர் களஞ்சியத்தைச் சி டிரைவில் வைக்காமல் லினக்ஸ் துணை அமைப்புக்குள்ளேயே வைத்தால், 'நிரலை மாற்றினேன், திரையில் மாறவில்லை' என்ற பொதுப் புலம்பலில் பெரும்பகுதி ஓய்ந்துவிடும். ஆய்வகத்தில் நான்கு கணினிகளுக்கு மட்டும் நிர்வாகி உரிமை கொடுத்தாலே ஒரு துறைக்குப் போதும். கட்டம் மட்டும் வரையும் எளிய நீட்சிக்கு டாக்கரே கட்டாயமில்லை. கிராஃபானாவை நேரடியாக நிறுவி, நீட்சிக் கோப்புறையைச் சுட்டிக்காட்டினாலும் வேலை நடக்கும். குறைந்த வசதியுள்ள மாணவரை மனத்தில் வைத்து எழுதப்படும் நிறுவல் குறிப்பே நல்ல குறிப்பு.

மூன்றாவது, 'பாதுகாப்பு'. இதில் நான் எதிர்த்தரப்போடு உடன்படுகிறேன். கையொப்பம் பெறாத நீட்சிகளைக் கிராஃபானா இயல்பாக ஏற்பதில்லை. உருவாக்கச் சூழலில் அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்படுகிறது. கருவி அமைத்துத் தரும் கொள்கலனில் உள்நுழையாமலேயே நிர்வாகி அதிகாரம் கிடைக்கும். டாக்கர் ஒரு துறையைத் திறந்தால், வேறுவிதமாகச் சொல்லாதவரை, அது கணினியின் எல்லா வலைப்பின்னல் முகவரிகளிலும் திறக்கிறது. விடுதி வைஃபையில் உள்ள யாரும் எட்டிப்பார்க்கலாம். ஆகவே துறையை அந்தக் கணினியின் உள்முகவரியோடு மட்டும் பிணைப்பதும், உருவாக்கச் சூழலின் அமைப்புக் கோப்பை நேரடி வழங்கிக்கு ஒருபோதும் நகலெடுக்காதிருப்பதும் விதிகளாக எழுதப்பட வேண்டும். ஆபத்து இருப்பதால் கற்பிக்காமல் விட்டால், மாணவர்கள் இதே அமைப்பை எச்சரிக்கையின்றி நேரடித் தளத்தில் ஏற்றுவார்கள்.

நான்காவது, 'எப்படியும் சில ஆண்டுகளில் இந்த மென்பொருள் மாறிவிடும். எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?' மாறத்தான் செய்யும். கிராஃபானாவின் பழைய நீட்சிகள் பல ஆங்குலர் ஜேஎஸ் கட்டமைப்பில் எழுதப்பட்டவை. 2024இல் வந்த 11ஆம் பதிப்பு அவற்றுக்கான ஆதரவை இயல்பு நிலையில் நிறுத்தியது. 2025இல் வந்த 12ஆம் பதிப்பு முழுவதும் நீக்கியது. கிபானாவின் கதை இன்னும் கடுமையானது: ஒரு பதிப்புக்காகத் தொகுத்த நீட்சியை வேறு பதிப்பில் நிறுவ அது மறுத்துவிடும். 2021இல் உரிமம் மாறியபோது அதிலிருந்து ஓப்பன்சர்ச் டாஷ்போர்ட்ஸ் தனியாகப் பிரிந்தது. நீட்சி எழுதியவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. இதனால்தான் பதிப்பு எண்ணோடு கூடிய உள்ளகச் சூழல் தேவை என்கிறேன். நேரடித் தளம் புதிய பதிப்புக்குப் போகட்டும், போகத்தான் வேண்டும். ஆய்வேட்டில் அச்சான எண் எப்படி வந்தது என்று பத்தாண்டுக்குப் பின் கேட்பவருக்கு, இணையத்தோடு இணைக்காத ஒரு கணினியில் பழைய பதிப்பை எழுப்பிக் காட்ட அந்தச் சூழல் ஒன்றே சான்று.

கேரளத்தில் இதற்கு முன்னுதாரணம் இல்லாமலில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் உதவிக் கோரிக்கைகளைத் திரட்டிய கேரளா ரெஸ்க்யூ தளத்தின் நிரல், ஐஇஇஇ கேரளப் பிரிவின் பெயரில் கிட்ஹப்பில் வெளிப்படையாக இருந்தது. ஜாங்கோவில் எழுதப்பட்ட அந்தத் தளத்தை ஒருவர் தம் கணினியில் எப்படி எழுப்புவது என்ற குறிப்பு, களஞ்சியத்தின் முகப்பிலேயே இருந்தது. மாணவர்களும் பணியிலிருப்போரும் வெவ்வேறு ஊர்களில் இருந்தபடியே திருத்தங்கள் அனுப்ப முடிந்ததற்கு அந்தக் குறிப்பு ஒரு முன்நிபந்தனை. நேரடித் தளத்தில் மனிதர்கள் உயிருக்காகக் காத்திருந்தார்கள். அங்கே பரிசோதனை செய்ய முடியாது. பள்ளியிலேயே கைட் நிறுவனம் வழியாகக் கட்டற்ற இயங்குதளத்தில் பயின்று வரும் மாணவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அந்தப் பயிற்சி கல்லூரி வாசலில் நின்றுவிடுவதற்கு நாமே பொறுப்பு.

ஆகவே, துறைகள் அடுத்த கல்வியாண்டு முதலே ஏற்கத்தக்க ஐந்து நடைமுறைகளை முன்வைக்கிறேன்.

1. டாஷ்போர்டு நீட்சி இடம்பெறும் ஆய்வேட்டில், அதன் களஞ்சியம், தாங்கு மென்பொருளின் பதிப்பு எண், உறைந்த மாதிரித் தரவு ஆகிய மூன்றும் பின்னிணைப்பாகச் சேர வேண்டும்.

2. சமர்ப்பிப்பதற்கு முன், வேறு நெறியாளரிடம் பயிலும் மாணவர் ஒருவர், ஆசிரியரின் உதவியின்றி, குறிப்பை மட்டும் வைத்துச் சூழலை எழுப்பிப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். எங்கே தடைப்பட்டார் என்பதையும் அவர் எழுத வேண்டும். அந்த உழைப்புக்கு மதிப்பெண் உண்டு.

3. தரவு விடுபட்டால் என்ன, நாளின் எல்லை எது, நிறத்தின் அளவுகோல் எவருடையது என்ற மூன்று கேள்விகளுக்கு முறையியல் இயலில் விடை இருக்க வேண்டும். அந்த விடையைச் சோதிக்கும் கோப்புகள் மாதிரித் தரவில் இருக்க வேண்டும்.

4. நிறுவும் குறிப்பு, ஆங்கிலத்தோடு அந்தந்தப் பகுதி மொழியிலும் எழுதப்பட வேண்டும். கட்டளைகள் எம்மொழியிலும் ஒன்றே. எதற்காக அந்தக் கட்டளை, பிழை வந்தால் எங்கே பார்ப்பது என்ற விளக்கம்தான் மொழியில் நிற்கிறது. இரவு பதினொரு மணிக்குத் தனியாகத் திரைமுன் அமர்ந்திருக்கும் முதலாண்டு மாணவிக்கு அதுவே ஆசிரியர்.

5. பதிப்பை மாற்றிப் புதுப்பிக்கும் பணி, அடுத்த தொகுதி மாணவர்களின் செய்முறைப் பாடமாகட்டும். முந்தையவர் எழுதிய நீட்சியைப் படித்து, இயக்கி, திருத்துவதைவிடச் சிறந்த நிரலாக்கப் பயிற்சி வேறில்லை.

இவை நேரத்தைத் தின்னும் என்பதை மறுக்கவில்லை. முதல் முறை சூழல் அமைப்பதற்கு ஒரு வாரம்கூடப் போகலாம். நூலகத்தில் ஒரு வாரம் செலவழித்தால் யாரும் அதை வீண் என்பதில்லை. மேலும், உள்ளகச் சூழல் எல்லாப் பிழைகளையும் காட்டிவிடும் என்று நான் வாதாடவில்லை. நேரடித் தளத்தின் சுமை, கருவியின் பழுது, அளவீட்டு நிலையம் நிறுவப்பட்ட இடத்தின் பொருத்தம் ஆகியவை அதன் எல்லைக்கு வெளியே. ஆனால் கணக்கின் பிழையையும் விதியின் பிழையையும் எழுத்தின் பிழையையும் அது காட்டும். அதுவும் எழுதியவரைத் தவிர மற்றவர்களுக்கும் காட்டும்.

பிரம்மபுரம் போன்ற இன்னொரு நாள் வரக்கூடாது என்பதே எல்லோர் விருப்பமும். வந்தால், நகரம் மீண்டும் ஒரு நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கும். அப்போது ஓர் ஆசிரியையோ மருத்துவரோ 'இந்தப் பச்சை எப்படி வந்தது?' என்று கேட்டால், 'இதோ களஞ்சியம், இதோ அந்த நாளின் தரவு. நீங்களே ஓட்டிப் பாருங்கள்' என்று சொல்லும் நிலையில் நம் பல்கலைக்கழகங்கள் இருக்க வேண்டும்.

உங்கள் துறையில் இத்தகைய நடைமுறை ஏற்கெனவே இருந்தால், அதன் வடிவத்தைப் பகிருங்கள். இல்லையெனில், உங்களிடம் இருக்கும் ஒரு நீட்சியை இவ்வாரம் ஒரு நண்பரிடம் கொடுத்து, எவ்வித உதவியும் செய்யாமல் அருகில் அமர்ந்து பாருங்கள். அவர் எந்தப் படியில் நிற்கிறாரோ, அந்தப் படியிலிருந்து நிறுவல் குறிப்பை எழுதத் தொடங்கலாம்.